ஊறல்

ஐந்து பேர் ஒருவரை ஒருவர் நம்புவதற்கு என்ன விலை? ஜன்னல் வைத்த தனி அறை ஒன்று, நிழலில் கார் நிறுத்த ஓர் இடம், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு. அந்த விலைக்குத்தான் போயிற்று. பேரம் பேசியவள் அக்கா. முதலில் இரண்டு ஜன்னல் கேட்டுக் கறாராக நின்று, பிறகு ஒன்றுக்கு இறங்கி வந்தாள். நல்ல வியாபாரம் என்று நினைத்துக்கொண்டுதான் அன்று வீட்டுக்குப் போனாள். எதை விற்றோம் என்பது மட்டும் அப்போது தெரியவில்லை. சரக்கு என்னவென்று தெரியாமல் விலை பேசுகிறவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் வாங்குகிற பக்கம் நிற்பார்கள்.

வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைத் தேடிப் போகும் நர்ஸ்களுக்கு அக்கா வேலை பார்த்த ஆபீஸ் மென்பொருள் எழுதிக் கொடுத்தது. எந்த நர்ஸ், எந்த வீடு, எத்தனை மணி, ஊசியா கட்டா என்று காலையில் நர்ஸின் கைபேசியில் வந்து விழும் பட்டியல் அங்கேதான் பிறந்தது. அதை ஏழு டீம்கள் பங்கு போட்டுக்கொண்டு எழுதின. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. போர்டில் ‘செய்ய வேண்டியது’, ‘நடக்கிறது’, ‘முடிந்தது’ என்று மூன்று கட்டம். கார்டு கட்டம் விட்டுக் கட்டம் நகரும். மற்ற டீம்களுக்கு அவ்வளவுதான்.

அக்கா தலைமையிலிருந்த டீமுக்கு மட்டும் கடைசி இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இன்னொன்று இருந்தது. அதன் பெயர் ஊறல்.

அதற்குப் பெயர் வைத்ததும் அவள்தான். அவசரமாக அனுப்பிய வேலை ஒன்று கையைக் கடித்த மறுநாள் காலையில், ஐந்து பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.

“ஏம்பா, சட்டையில கறை பட்டா உடனே போட்டுத் தேய்க்கிறோமா? வாளியில போட்டுட்டு வேற வேலையப் பாக்குறோம்ல? இதையும் ஒரு ராத்திரி ஊற வச்சா என்ன கெட்டுப் போகும்?”

“சரிக்கா. இதுல கறை யாரு, நாங்களா?” என்று கேட்டாள் மின்னல். டீமில் அவள் அளவுக்கு வேகமாக நிரல் எழுத ஆளில்லை. அதனால் அந்தப் பெயர்.

அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. முடித்தவர் தன் வேலையைத் தானே வெளியே அனுப்பக் கூடாது. அதை ஊறலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். குளிக்கும்போதோ, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதோ யாருக்காவது மனதில் ஏதாவது உறுத்தினால், மறுநாள் அந்தக் கார்டைப் பின்னால் இழுத்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டாம். யாரையும் கேட்க வேண்டாம். “உறுத்துது” என்ற ஒரு சொல் போதும்.

அதிகமாக உறுத்தியது சந்தேகத்துக்குத்தான். சந்தேகம் என்பது ஒரு மனிதர். மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை, ஐம்பதைத் தாண்டியவர். லிஃப்டின் கதவு மூடிய பிறகும் மூடியதா என்று கையால் தள்ளிப் பார்ப்பார். சம்பளம் வந்தால்கூட நமக்குத்தானா என்று இரண்டு முறை பார்ப்பார். டீமில் மற்ற எல்லோரும் “அக்கா” என்று கூப்பிட்டபோது, அவர் ஒருவர் மட்டும் அவளைத் “தங்கச்சி” என்பார்.

ஒரு நாள் டைரக்டர் அவளை அழைத்தார்.

“பாருங்கம்மா, ஏழு கடை, ஏழு தராசு. எவன் எவ்வளவு நிறுக்கிறான்னு எனக்கே தெரியல. எல்லாத்தையும் ஒரே போர்டுல கொண்டு வரப் போறேன். மைய மேசைன்னு பேரு. யாரு என்ன பண்ணலாம், எப்போ அனுப்பலாம் எல்லாம் அங்க இருந்துதான். அந்த மேசைக்கு நீங்கதான்.”

“டீமுங்க அதுங்க இஷ்டத்துக்குத்தானே சார் நல்லா வேலை செய்யுது?”

“இஷ்டம் இருக்கட்டும்மா. எல்லாருக்கும் ஒரே இஷ்டமா இருக்கட்டும்னுதான் சொல்றேன்.”

ஜன்னல், நிழல், சம்பளம் எல்லாம் பேசி முடித்த பிறகு, அக்கா கடைசியாக ஒன்று கேட்டாள். தன் பழைய டீமைப் பிரிக்கக் கூடாது. அவர்களுடைய ஊறலை யாரும் தொடக் கூடாது. டைரக்டர் உடனே தலையாட்டினார். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டுகிறவர் அந்தப் பேச்சைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கை குலுக்கிய சந்தோஷத்தில் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் எதிர்ப்பட்ட சந்தேகம், “குட் மார்னிங் மேடம்” என்றார்.

“என்னண்ணே, புதுசா மேடம்?”

“தங்கச்சி மாடிக்குப் போயாச்சு. கீழ இருந்து அப்படிக் கூப்பிட்டாக் காதுல விழாது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதனால் அவளும் சிரித்துவைத்தாள்.

மைய மேசையின் முதல் அறிக்கை வந்தது. வேகமாக முடிக்கிற டீம் மேலே, மெதுவாக முடிக்கிற டீம் கீழே. அக்காவின் பழைய டீம் அடியில் கிடந்தது. காரணம் அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மையப் போர்டுக்கு மூன்று கட்டம்தான் தெரியும். ஊறலில் கிடக்கும் கார்டை அது ‘இன்னும் நடக்கிறது’ என்று எழுதிக்கொண்டது. யோசிக்கிற நேரமெல்லாம் சோம்பேறித்தனத்தின் பற்றுக் கணக்கில் ஏறியிருந்தது.

“என்னம்மா, உங்க பொறந்த வீடு கடைசியில கெடக்கு?” என்றார் டைரக்டர்.

“அது சார், வேலை முடிஞ்சதும் அவங்க கொஞ்சம் ஊற வைப்பாங்க.”

“ஊற வைக்க இது என்ன ஊறுகாயா? இங்க பாருங்க, அடுத்த அறிக்கையிலயும் எவன் கடைசியோ, அந்த டீமைப் பிரிச்சு மத்ததோட சேத்துடுவேன். அது உங்க டீமா இருந்தாலும் சரி.”

கொடுத்த வாக்கை நினைவுபடுத்த அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர் அடுத்த ஃபோனுக்குப் போய்விட்டார்.

அக்கா அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். மைய மேசைக்காரருக்கு மட்டுமே திறக்கும் ஓர் இடம் அந்த மென்பொருளில் இருந்தது. ஒவ்வொரு டீமின் கட்டமும் மையப் போர்டில் எந்தக் கட்டமாக எண்ணப்பட வேண்டும் என்று அங்கே சொல்லலாம். இடது பக்கம் ‘ஊறல்’. வலது பக்கம் ‘நடக்கிறது’ என்றிருந்ததை ‘முடிந்தது’ என்று மாற்றினாள். ஒரே ஒரு சொடுக்கு. டீமின் திரையில் ஊறல் ஊறலாகவே இருக்கும்; மேலிருந்து பார்த்தால் அது முடிந்த வேலை. ஒரே சரக்குக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு.

அடுத்த அறிக்கையில் டீம் மூன்றாவது இடத்துக்கு ஏறியது. “என்னக்கா, நாங்க அதே வேகத்துலதான் போறோம், எப்படி இது?” என்று மின்னல் படியில் வைத்துக் கேட்டபோது, “உங்க நல்ல நேரம்டி” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவர்களைக் காப்பாற்றியாகிவிட்டது, காப்பாற்றியதைச் சொல்லிக் காட்டாமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்று அப்போது நினைத்தாள். பெருந்தன்மை செலவில்லாமல் கிடைக்கும்போது யாருக்குத்தான் பிடிக்காது?

சில வாரம் கழித்து இன்னோர் உத்தரவு வந்தது. இனி டீம்கள் தாங்களாக எதையும் வெளியே அனுப்ப வேண்டியதில்லை. ‘முடிந்தது’ கட்டத்தில் இருப்பதையெல்லாம் மையப் போர்டே தினமும் மாலையில் தானாக அனுப்பிவிடும். உத்தரவை எழுதியவர் டைரக்டர். கீழே கையெழுத்துப் போட்டது அக்கா. போடும்போது அந்தப் பழைய சொடுக்கு அவள் நினைவில் எங்குமே இல்லை. மனசாட்சியை உறுத்தாத காரியத்தை மூளை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

உத்தரவு நடப்புக்கு வந்த அன்றே அது நடந்தது.

சில வீடுகள் பட்டியலில் இரண்டு தடவை வருகின்றன என்று வாடிக்கையாளர்களிடமிருந்து புகார். மின்னல் மதியத்துக்குள் எழுதி முடித்துவிட்டாள்: ஒரே விலாசம், ஒரே நேரம் என்று இரண்டு வரி இருந்தால் ஒன்றை அடித்துவிடு. சந்தேகம் தாடையைத் தடவிக்கொண்டே பார்த்தார்.

“ஏம்மா மின்னல், ஒரே வீட்டுல ரெண்டு நோயாளி இருந்தா?”

மின்னலின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. “அய்யோ. ஆமாண்ணே. புருஷனும் பொண்டாட்டியும்.” கடிகாரத்தைப் பார்த்தாள். குழந்தையை அழைக்கப் போக வேண்டும். “ஊறட்டும்ணே. காலையில வந்து சரி பண்ணிடுறேன்.”

“ஊறட்டும்” என்று சொல்லி, அவர் கார்டை ஊறலில் இழுத்துவிட்டார். இரண்டு பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். மாலையில் மையப் போர்டு விழித்துக்கொண்டு, தன் கணக்கில் ‘முடிந்தது’ என்றிருந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்து அனுப்பியது. போன கார்டு எல்லாப் போர்டிலிருந்தும் மறைந்துவிடும். அதுவும் மறைந்தது. காலையில் மின்னல் வந்து தேடுவதற்குள், அன்றைய பட்டியல் எல்லா நர்ஸ்களின் கைபேசிக்கும் போய்விட்டிருந்தது.

மறுநாள் இரண்டு நோயாளிகள் இருந்த வீடுகளிலெல்லாம் ஒருவருடைய பெயர்தான் பட்டியலில் இருந்தது. பல வீடுகளில் சத்தம் போட்டு, நர்ஸைப் பிடித்து நிறுத்தி, ஃபோன் செய்து சமாளித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அப்படி நடக்கவில்லை. அந்த வீட்டுத் தாத்தாவுக்கு இரு வேளையும் காலில் கட்டு மாற்ற வேண்டும். மனைவிக்கு அதே நேரங்களில் சர்க்கரைக்கான ஊசி. வந்த நர்ஸ் புதியவள். கட்டை மாற்றினாள், கையெழுத்து வாங்கினாள், போய்விட்டாள். தனக்கு வேறு யாராவது வருவார்கள் என்று அந்த அம்மாள் காத்திருந்தார். மாலையிலும் அதே கதை. மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் தப்பியது. அவருக்கு நினைவு வந்ததும் மகன் கேட்டாராம், “ஏம்மா, அந்தப் பொண்ணுகிட்ட எனக்கு ஊசி இல்லையான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” அதற்கு அந்த அம்மாள் சொன்னது புகார்க் கடிதத்தில் அப்படியே வந்திருந்தது: “அது பாவம் அவசரமா இருந்துச்சு. கேட்டா நல்லாருக்காதுன்னு இருந்துட்டேன்.”

விசாரணை டைரக்டரின் அறையில் நடந்தது. மேசையின் அந்தப் பக்கம் டைரக்டரும் அக்காவும்; இந்தப் பக்கம் சந்தேகமும் மின்னலும். சுவரிலிருந்த பெரிய திரையில் மையப் போர்டின் பதிவு. அந்தக் கார்டு, அதை நகர்த்தியவர் சந்தேகம், நகர்த்திய இடம் ‘முடிந்தது’.

“நான் ஊறல்லதான் சார் போட்டேன்.”

“திரையில என்ன எழுதியிருக்கு?”

“‘முடிந்தது’ன்னு எழுதியிருக்கு. ஆனா நான் போட்டது...”

“அண்ணன் அப்படித் தப்பா இழுக்குற ஆளே இல்ல சார்,” என்றாள் மின்னல்.

“நீங்க பார்த்தீங்களா?”

“பார்க்கல. பையை எடுத்துட்டு இருந்தேன்.”

சந்தேகம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். மூக்கு படுகிற தூரத்தில் நின்று அந்த வரியைப் படித்தார். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. அவர் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவுக்கு நினைவு வந்தது. இடது பக்கம் ‘ஊறல்’. வலது பக்கம் ‘முடிந்தது’.

அந்த நொடியில் வாயைத் திறந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் தீர்ந்திருக்கும். அவள் திறக்கவில்லை. முதலில் சரிபார்த்துக்கொள்வோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சரிபார்க்க ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

சந்தேகம் திரும்பினார். முகம் சுருங்கியிருந்தது. “கட்டம் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு,” என்றார் மெதுவாக. “ஒருவேளை... கை வழுக்கியிருக்கும் சார். எனக்கே இப்போ நிச்சயமா சொல்லத் தெரியல.”

எழுதித் தரும்படி டைரக்டர் கேட்டார். சந்தேகம் எழுதித் தந்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் அக்காவின் வீட்டுக்காரர் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆளின் கண்ணைப் பார்த்தே பையில் எவ்வளவு இருக்கும் என்று எடை போடுவார். விற்ற சரக்கைத் திரும்ப எடுத்த வரலாறு அவர் கடைக்குக் கிடையாது. செருப்பைக் கழற்றும்போதே சிரித்தார்.

“உன் ஆபீஸ் ஆளு இன்னிக்கு நம்ம கடைக்கு வந்தாருடி. சந்தேகம்னு சொல்வியே, அவரு.”

அவள் கையிலிருந்த டம்ளரை வைத்தாள். “எதுக்கு?”

“கண்ணு டெஸ்ட் பண்ணணுமாம். பண்ணினேன். அந்த வயசுக்கு அப்படி ஒரு கண்ண நான் பார்த்ததே இல்ல. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கிறாரு. ‘ஒண்ணும் இல்ல, போய்ட்டு வாங்க’ன்னு சொன்னா, நகர மாட்டேங்குறாரு. ‘இல்ல, எனக்குக் கட்டம் மாறித் தெரியுது, நல்லாப் பாருங்க’ங்குறாரு. மூணு தடவை பார்த்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, கண்ணாடி இல்லாமப் போக மாட்டேன்னு அடம். நானும் எவ்வளவு நேரம்தான் வர்ற லட்சுமிய வெளிய தள்றது? பவர் இல்லாத வெறும் கண்ணாடி ஒண்ணப் போட்டுக் குடுத்தேன். போட்டுக்கிட்டு, ‘இப்போ கொஞ்சம் தெளிவா இருக்கு’ன்னுட்டுப் போறாரு!” சொல்லிவிட்டு அவர் மறுபடி சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். “என்னாச்சு உனக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இப்படி ஒரு முகம்?”

அவள் சொன்னாள். பாதி சொல்வதற்குள் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் பவர் இல்லாத கண்ணாடிய வித்தேன்,” என்றார் கடைசியில். “அதுக்கே இப்போ சங்கடமா இருக்கு. நீ அந்த மனுஷனுக்கு வித்தது என்னன்னு உனக்குத் தெரியுதா?”

காலையில் முதல் வேலையாக டைரக்டரிடம் போனாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் குடித்தார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“வீட்டுல சொன்னேன்.”

“அது பரவால்ல. பாருங்கம்மா, ஒருத்தர் கை வழுக்கிச்சுன்னா அது விபத்து. மைய மேசையே தப்புன்னு ஆச்சுன்னா, நாளைக்கு ஏழு டீமும் பழைய போர்டைக் கொண்டான்னு வாசல்ல நிக்கும். ஒரு வருஷ வேலை. வாடிக்கையாளர் வேற நம்ம கழுத்துல துண்டைப் போட்டுருவான். அவரு எழுதிக் குடுத்தாச்சு. மரியாதையா வெளிய அனுப்பிடலாம். மூணு மாச சம்பளம் தர்றேன்.”

அப்போதுதான் அது நடந்தது. பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது இந்த இடத்தில்தான். அவள் பேரம் பேச ஆரம்பித்தாள்.

“மூணு பத்தாது சார். ஆறு. நல்லபடியா ஒரு சான்றிதழ். அவர் மேல தப்புன்னு எங்கயும் எழுதக் கூடாது.”

“அஞ்சு.”

“ஆறு சார்.”

“சரி, ஆறு.”

வெளியே வந்து நடையில் பாதி தூரம் வரைக்கும் ஜெயித்துவிட்ட நடை நடந்தாள். மீதிப் பாதியில் நடையின் வேகம் குறைந்தது.

சந்தேகம் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில், படி திரும்புகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மூக்கின் மேல் புதுக் கண்ணாடி. பழக்கமில்லாததால் நொடிக்கொரு தரம் மேலே தள்ளிக்கொண்டார். பொத்தானை அமுக்கிவிட்டு, சரியான பொத்தான்தானா என்று குனிந்து பார்த்தார். அவர் முன்பும் எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்க்கிறவர்தான். முன்பு பொத்தானைச் சந்தேகப்பட்டார்; இப்போது தன் விரலை.

“அண்ணே.”

“வாங்க மேடம்.”

அவள் ஆறு மாதச் சம்பளத்தையும் சான்றிதழையும் பற்றிச் சொன்னாள். அவர் மீது எந்தக் கறையும் இருக்காது என்றாள். கறை என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் இருவருக்குமே அந்தப் பழைய காலை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் காபியை எடுக்காமல் நின்றார்.

“பெரிய மனசு பண்ணியிருக்கீங்க. வேண்டாம்னு சொல்லல. ஆனா பணத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? வேற ஆபீஸுக்குப் போனாலும் இதே வேலைதான். தப்பக் கண்டுபிடிக்கிற வேலை. என் கண்ண என்னாலயே நம்ப முடியலன்னா, அடுத்தவன் எழுதினத நான் எப்படி மேடம் பாக்குறது?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நேத்து வீட்ட விட்டுக் கிளம்பும்போது கேஸை அணைச்சேனான்னு பார்க்க நாலு தடவை திரும்பிப் போனேன். என் சம்சாரம் சிரிக்கிறா. அப்புறம் அழறா.”

துடைத்த கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மைய மேசையில எல்லாம் தெரியும்னு சொல்றாங்க. நீ பார்த்துச் சொல்லு தங்கச்சி. நான் தப்பா இழுத்தேனா?”

தங்கச்சி. மாடிக்குப் போன பிறகு அந்தச் சொல் அவள் காதில் விழுவது அதுதான் முதல் தடவை.

“இல்லண்ணே,” என்றாள். “நீங்க ஊறல்லதான் போட்டீங்க. ஊறல முடிஞ்சதா மாத்தி வச்சது நான்.”

எப்போது, எதற்கு, எப்படி என்று முழுவதையும் சொன்னாள். கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அப்போ என் கண்ணு சரியாத்தான் இருக்கு.”

“ஆமாண்ணே.”

“அன்னிக்கு அந்த ரூம்ல, நான் திரைகிட்ட போய்ப் படிச்சப்போ... உங்களுக்கு ஞாபகம் வந்துருச்சா? இல்ல அப்புறமா வந்துச்சா?”

பொய் சொல்ல வசதியான கேள்வி. அப்புறமா என்று ஒரு சொல் சொன்னால் பாதிக் கடன் அங்கேயே தள்ளுபடி.

“அப்பவே வந்துருச்சு.”

அவர் தலையாட்டினார். காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஆறியிருந்தது போலும், அப்படியே வைத்துவிட்டார்.

“வாங்க மேடம்,” என்றார். “மத்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க.”

டீம் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அக்கா சொன்னாள். நீங்கள் கடைசியில் கிடந்தீர்கள், டைரக்டர் பிரித்துவிடுவேன் என்றார், உங்களைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று முடித்தாள். மின்னல் அழுதுகொண்டிருந்தாள்; அந்த அம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளும் தூங்கவில்லை.

“எங்களக் காப்பாத்தத்தான்கா செஞ்சீங்க, சரி,” என்றாள். “எங்களக் கேட்டீங்களா?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.”

“சொல்லியிருப்போம். கடைசியிலயே கெடப்போம், பிரிச்சா பிரிக்கட்டும்னு சொல்லியிருப்போம். இல்ல, நாங்களே போய் அவர்கிட்ட சண்டை போட்டிருப்போம். என்ன பண்றதுன்னு நாங்க முடிவு பண்ணியிருப்போம்கா. அதுக்குத்தானே நாம அஞ்சு பேரு இருந்தோம்?”

டைரக்டரின் பேச்சை எடுத்துத் தனக்குக் கேடயமாகப் பிடிக்கலாம் என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் டைரக்டர் போர்டைத்தான் எடுத்துக்கொண்டார். அவர்களுடைய “உறுத்துது”வை எடுத்துக்கொண்டவள் அவள், அதுவும் பாசத்தோடு. மைய மேசை என்று ஒன்று ஆபீஸுக்கு வருவதற்கு முன்பே அவளுக்குள் ஒன்று போடப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மதியமே ஏழு டீம்களுக்கும், டைரக்டருக்கு மேலே இருந்தவர்களுக்கும், அந்த அம்மாளின் மகனுக்கும் நடந்ததை எழுதி அனுப்பினாள். டைரக்டரிடம் அனுமதி கேட்கவில்லை. யாரையும் கேட்காமல் அவள் செய்தவற்றில் சரியான காரியம் அது ஒன்றுதான்.

ஏழு டீமும் வாசலில் வந்து நிற்கவில்லை. டைரக்டர் அப்படிப் பயந்திருக்க வேண்டியதே இல்லை. இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் மைய மேசைக்கு வேறொருவர் வந்து உட்கார்ந்தார். அவர் வந்ததும் முதல் வேலையாக, ‘குழப்பம் தரும் கட்டங்கள்’ என்று சொல்லி ஊறலையே எடுத்துவிட்டார். இப்போது எல்லாப் போர்டிலும் மூன்று கட்டம்தான். ஆனால் மின்னல் முன்போல மதியத்துக்குள் எதையும் முடிப்பதில்லை. எழுதி முடித்த கார்டு ‘நடக்கிறது’ கட்டத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. “இன்னும் முடியலையா?” என்று மேலிருந்து கேட்டால், “கொஞ்சம் பாக்கி இருக்கு” என்கிறாள். என்ன பாக்கி என்று டீமுக்குத் தெரியும். சொந்த வேலையைச் சொந்தப் புத்தியோடு செய்வதற்கு அவர்கள் இப்போது திருட்டுத்தனமாக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூடத்தின் கோடியில் இன்னொரு டீமில் சாதாரண மேசையில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறாள்.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஜன்னல் அறையின் சாவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நிழலும் போயிற்று, கார் வெயிலில் காய்கிறது. கூட்டிய சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் கடை தொடங்கிய நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்து, பவர் இல்லாத அந்தக் கண்ணாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதற்கு ரசீது போட மட்டும் மறுத்துவிட்டார். சந்தேகம் வேலையில் இருக்கிறார். அவர் கண் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. கேஸை ஒரே ஒரு தடவைதான் பார்க்கிறாராம். இது வரைக்கும் வரவும் பற்றும் நேர்.

நேராகாதது இரண்டு. அந்த அம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் நர்ஸ் வரும் நேரம் பார்த்து வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், வந்ததும் வராததுமாக, “எனக்கும் உண்டா?” என்று கேட்கிறாராம். வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்காதவர் என்று அவர் மகன் எழுதியிருந்தார். இன்னொன்று, தினமும் காலையில் லிஃப்டில் சந்தேகத்தைப் பார்க்கும்போது அவள் “வணக்கம்ணே” என்கிறாள். அவர் கதவைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பி, மரியாதையாக, ஒரு குறையும் இல்லாமல், “வணக்கம் மேடம்” என்கிறார்.

இரண்டும் அக்கா பேரில் பாக்கி.